மகளுக்கு ஊசி, அம்மாவுக்கு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத் தடுக்க மாணவியருக்குப் போடும் தடுப்பூசி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025-26 மாநில பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமியருக்காக 36 கோடி ரூபாய் அறிவித்ததை எழுதியிருந்தீர்கள். ஒரே ஊசி போட்டாலும் பாதுகாப்பு கிடைக்கும் என்பதையும் எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் அந்த ஒற்றை ஊசிக் கணக்கு எப்படி வந்தது என்பது அதில் இல்லை. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. இந்த மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒட்டன்சத்திரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காய்கறி மார்க்கெட்தான் ஞாபகம் வரும். பக்கத்தில் இருக்கிற அம்பிளிக்கையை அவர்களுக்குத் தெரியாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆராய்கிறவர்களுக்கு அம்பிளிக்கை நன்றாகத் தெரியும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றி, பிறகு பிரான்சில் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமைக்குப் போனவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். அவரும் அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையத்தாரும் சேர்ந்து 2000-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். மாவட்டத்தில் 114 பகுதிகளைப் பிரித்துக்கொண்டார்கள். பாதியில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குப் பரிசோதனை. மீதிப் பாதியில் வழக்கமாகக் கிடைக்கிற மருத்துவம் மட்டும்.

பரிசோதனை என்றதும் பெரிய மெஷின் எதையும் நினைக்க வேண்டாம். கர்ப்பப்பை வாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவ வேண்டும். ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரும் ஏறக்குறைய அதேதான். ஒரு நிமிஷம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோளாறு இல்லாத இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். செல்கள் மாறத் தொடங்கிய இடம் மட்டும், சுண்ணாம்பை விரலில் தொட்டு வைத்ததுபோல வெளுத்துத் தெரியும். லேப் வேண்டாம், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நான் பணியில் இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வி.ஐ.ஏ. டெஸ்ட்டைச் செய்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தில் மேஜையில் படுத்திருக்கிற பெண் நம் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பாள். புருவம் கொஞ்சம் சுருங்கினாலும் போதும், "என்ன நர்ஸம்மா, கட்டியா?" என்பாள். அதனால் முகத்தை வைத்துக்கொள்ளவும் பழக வேண்டியிருந்தது. பயிற்சியில் அதை யாரும் சொல்லித் தரவில்லை.

அம்பிளிக்கை ஆய்வில் இந்த வேலையை முழுக்கச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே கால்போஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்த்து, தேவையானால் சதை எடுத்து, குளிரூட்டி உறைய வைக்கும் கிரையோ சிகிச்சையையும் அவர்களே அங்கேயே செய்தார்கள். பெரிய கோளாறு என்றால்தான் மேல் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 2006 வரை பின்தொடர்ந்து, மாவட்டப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று எண்ணினார்கள். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பரிசோதனைக்குத் தேர்ந்த பகுதிகளில் இருந்த 49,311 பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 83 பேர். மற்ற பகுதிகளில் இருந்த 30,958 பெண்களில் 92 பேர். முதல் கூட்டம் பெரிது, சாவு குறைவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சாவு 35 சதவீதமும் புதிதாக நோய் வருவது 25 சதவீதமும் குறைந்திருந்தன. அந்த 49,311 பேரிலும் உண்மையில் டெஸ்ட்டுக்கு வந்தவர்கள் 31,343 பேர்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராமலேயே இவ்வளவு பலன்!

இந்த ஆய்வைப் பற்றி ஒரு விமர்சனமும் உண்டு. பரிசோதனை நல்லது என்று முன்பே தெரிந்திருக்க, பாதிப் பெண்களை அது இல்லாமல் விட்டுவைத்து ஒப்பிடலாமா என்று வெளிநாட்டு மருத்துவர்கள் சிலர் கேட்டார்கள். அன்றைக்கு இங்கே அரசு பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லை, வழக்கமான மருத்துவமே அதுதான் என்று பதில் வந்தது. இரண்டு பக்க நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த 92 என்ற எண்ணைப் படிக்கும்போது எனக்கு அது வெறும் எண்ணாகத் தெரிவதில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து அக்காக்களும் மதினிகளும் அதற்குள் இருக்கிறார்கள். அவர்களால் கிடைத்த அறிவுக்கு இந்த மாவட்டத்துக்குத் தர வேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

இனி ஒற்றை ஊசிக்கு வருகிறேன். 2009-இல் இதே சங்கரநாராயணன் குழுவினர் இந்தியாவில் பல மையங்களில் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வைத் தொடங்கினார்கள். அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். மூன்று ஊசிக்குப் பதில் இரண்டு போதுமா என்பதுதான் கேள்வி. 20,000 சிறுமியரைச் சேர்ப்பதாகத் திட்டம். அந்தச் சமயத்தில் அன்றைய ஆந்திராவில் கம்மத்திலும் குஜராத்தில் வதோதராவிலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமியர் இறந்துபோனதாகச் செய்தி கிளம்பியது. சாவுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணைக் குழு பின்னால் சொன்னது. ஆனால் பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்காமல் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டது தெரியவந்தது. அது பெரிய தப்புதான். 2010 ஏப்ரலில் எல்லா எச்.பி.வி. ஊசி ஆய்வுகளையும் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் உட்படப் பலர் ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள்.

வேறு யாராக இருந்தாலும் ஆய்வு கெட்டது என்று ஃபைலை மூடியிருப்பார்கள். இவர்கள் மூடவில்லை. ஒரு ஊசி போட்டவர்கள், இரண்டு போட்டவர்கள், மூன்று போட்டவர்கள் என்று பிரித்து வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகும் தேடிப் பிடித்தார்கள். புருஷன் வீட்டுக்குப் போன பெண்ணின் விலாசத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்று தடுப்பூசி ரெஜிஸ்டர் வைத்திருந்த எந்தச் செவிலியரைக் கேட்டாலும் சொல்வார். 2021-இல் முடிவு வெளியானது. புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான 16, 18 வகை வைரஸ்கள் உடலில் நிலைத்துத் தங்குவதைத் தடுப்பதில் ஒரே ஊசி 95 சதவீதம் பலன் தந்தது. மூன்று ஊசிக்குச் சமானம். கென்யாவிலும் கோஸ்டாரிக்காவிலும் நடந்த ஆய்வுகளும் அதையே காட்டின. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒற்றை ஊசிக்கும் ஒப்புதல் சொன்னது. ஒன்றே போதும் என்பதால்தான் ஏழை நாடுகளுக்கும் இது கட்டுப்படியாகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஊசி இன்றைக்கு 14 வயதில் இருக்கும் பிள்ளைக்கு. அவளுக்குப் புற்றுநோய் வரக்கூடிய வயதை எட்ட இன்னும் இருபது, முப்பது வருஷம் ஆகும். அவளைக் கையைப் பிடித்து அழைத்து வருகிற அம்மாவுக்கு இப்போதே 38, 40 வயது. ஆபத்து அவளுக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது. அவளுக்கு என்ன செய்கிறோம்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு தடவையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்தியா முழுக்க 1.9 தான், அதனால் நாம் முன்னோடி மாநிலம் என்று பெருமைப்படலாம். பத்தில் ஒருவர்கூட இல்லாத முன்னோடி!

இதற்குப் பெண்களின் கூச்சத்தையும் அறியாமையையும் குறை சொல்வது எளிது. கூச்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்குப் பார்க்கணும்?" என்பார்கள். "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று போனவர்கள் திரும்பி வந்ததும் இல்லை. ஆனால் வந்த பெண்ணையும் நாம்தான் தொலைக்கிறோம். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு முகாமில் முருங்கைக்காய் பறிக்கும் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு நன்றாகவே வெள்ளை தெரிந்தது. சீட்டு எழுதி ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினோம். அன்றைக்குக் கிரையோ சிலிண்டரில் கேஸ் இல்லையாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை போனால் டாக்டர் கேம்ப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. பிறகு குடும்பத்தோடு திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்டாள். போன் நம்பரும் மாறிவிட்டது. எங்கள் மாதாந்திர அறிக்கையில் அவள் 'பரிசோதனை செய்யப்பட்டவர்' என்ற கட்டத்தில் ஒரு எண்ணாக ஏறிவிட்டாள். சிகிச்சை கிடைத்ததா என்று கேட்க அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

அம்பிளிக்கையில் சாவைக் குறைத்தது வினிகர் மட்டும் இல்லை. பார்த்த அன்றைக்கே சிகிச்சை, வராதவர்களை வீடு தேடிப் போனது, பதிவேடு, இதெல்லாம் சேர்ந்துதான். அப்படிச் செய்தும், பின்னால் புற்றாக மாறக்கூடிய முன்நோய் கண்டவர்களில் 72 சதவீதம் பேருக்குத்தான் அவர்களால் சிகிச்சை தர முடிந்தது. நாம் வினிகரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

வினிகருக்கும் எல்லை உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடுவதால் இந்த டெஸ்ட் சரியாகப் பிடிக்காது. மகாராஷ்டிராவில் ஒஸ்மானாபாத் பக்கம் 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சங்கரநாராயணன் நடத்திய இன்னொரு ஆய்வில், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டெஸ்டை ஒரே ஒரு தடவை செய்த பகுதிகளில் சாவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அந்த டெஸ்டுக்கு மாதிரியைப் பெண்ணே திரைக்குப் பின்னால் போய் எடுத்துக்கொள்ளலாம். யார் முன்னாலும் மேஜையில் படுக்க வேண்டாம். கூச்சம் என்ற சாக்கு அதோடு போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தனியார் லேப்காரர்கள் 'பெண்கள் புற்றுநோய் பேக்கேஜ்' என்று சிஏ-125 ரத்தப் பரிசோதனையைச் சேர்த்து விற்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு அறிகுறி இல்லாதவர்களிடம் அதைத் தேடிப் பார்ப்பதால் உயிர் காப்பாற்றப்படவில்லை என்று பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2021-இல் சொல்லிவிட்டது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். மாறாக, தீட்டு நின்று ஒரு வருஷம் கழித்து லேசாக ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்; வாயில் இல்லாமல் கர்ப்பப்பைக்கு உள்ளே வருகிற புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தலைகாட்டும்.

என் யோசனை சின்னதுதான். பிள்ளைக்கு ஊசி போட வருகிற அன்றைக்கே அம்மாவின் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு அவருக்குப் பரிசோதனைத் தேதி கொடுக்கலாம். மாதிரி எடுக்கும் குச்சி இருந்தால் அன்றைக்கே முடித்துவிடலாம். ஊசிக்கான சம்மதப் படிவத்தில் எப்படியும் அம்மாவின் போன் நம்பர் இருக்கும். மாத அறிக்கையில் கோளாறு கண்டவர்களில் எத்தனை பேருக்கு சிகிச்சை முடிந்தது என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். உங்கள் நிருபர் ஒவ்வொரு மாவட்டத்திலும் சுகாதார அலுவலரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, எங்கள் மாவட்டத்திலிருந்து தொடங்கி, உள்ளது உள்ளபடி அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.