நோட்டீஸ் பையன்

தென்காசி,
ஞாயிறு காலை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். உனக்கு உதவித்தொகை தரும் அமைப்பு, நன்கொடை கேட்டு அச்சிடும் மலரின் அட்டையில் உன் படத்தைப் போட விரும்புவதாகச் சொன்னாய். அவர்களில் ஒருவர் கூட்டத்தில் உன்னைக் காட்டி, ‘இவள்தான் எங்கள் போஸ்டர் சைல்ட்’ என்றாராம். மகிழ்வதா கூசுவதா என்று தெரியவில்லை என்று கேட்டாய். போனில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தச் சொல் என்னை ஐம்பது ஆண்டு பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நம் மொழியில் கொடைக்குக் கர்ணன் என்போம், வாய்மைக்கு அரிச்சந்திரன், நட்புக்குப் பிசிராந்தையார் என்போம். போஸ்டர் சைல்ட் என்றாலும் ஒன்றுக்கு அடையாளமாக நிறுத்தப்பட்டவர் என்றுதான் பொருள். ஒரு குணத்துக்கு ஒருவரை அப்படி நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் நிறுத்தியவர்கள் எல்லாரும் எதையோ செய்தவர்கள். கர்ணன் கொடுத்தான், அதனால் கர்ணன். நீ இப்போது இருக்கும் நாட்டில் பிறந்த அந்தச் சொல் அப்படிப் பிறக்கவில்லை. எதையும் செய்யாத, ஒரு நோய் வந்து தாக்கிய பிள்ளைகளிடமிருந்து பிறந்தது. என் கால்களைத் தாக்கிய அதே இளம்பிள்ளை வாதம்.

பின்னாளில் அமெரிக்க அதிபரான ரூஸ்வெல்ட்டுக்கு 1921-இல், 39 வயதில் அந்த நோய் வந்தது. 1938-இல் அவர் தொடங்கிய நிதியத்துக்காக, ஆளுக்கு ஒரு பத்து சென்ட் நாணயம் வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று எடி கேன்டர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலியில் கேட்டார். 26 லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள் வந்து குவிந்தன. பிறகு 1946-இல் டொனால்ட் ஆண்டர்சன் என்ற ஆறு வயதுப் பையனைப் போஸ்டரில் போட்டார்கள். ஒரு படத்தில் மருத்துவமனைக் கட்டிலில் கட்டுகளோடு குழந்தையாக நிற்கிறான். மற்றொன்றில் கைவீசி நடந்து வருகிறான். உங்கள் காசு எனக்குச் செய்தது இது என்று அவனே சொல்வதுபோல் வாசகம். அவனுக்குப் பின் ஆண்டுதோறும் ஒரு பிள்ளை. அதே 1946-இல்தான் அந்தப் பத்து சென்ட் நாணயத்தில் ரூஸ்வெல்ட்டின் முகமும் ஏறியது. உன் பையில் இப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும், எடுத்துப் பார்.

இதில் என்னை விடாமல் உறுத்துவது ஒன்று உண்டு. தாம் சக்கர நாற்காலியில் இருப்பதைப் பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பதை ரூஸ்வெல்ட் விரும்பவில்லை. எடுக்க முயன்றவர்களைப் பாதுகாவலர்கள் தடுத்தார்கள். நாட்டின் அதிபருக்குத் தன் காலை மறைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. பிள்ளைகளுக்கு இல்லை.

எனக்கும் இருந்ததில்லை, கயல். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓர் அறநிலையத்திலிருந்து படம் எடுக்க வருகிறார்கள் என்று உன் ஆச்சி தீபாவளிச் சட்டையைப் போட்டு, எண்ணெய் தடவித் தலை சீவி அனுப்பினாள். வந்தவர் சட்டையைக் கழற்றச் சொன்னார். பிறகு காலைத் தாங்கும் சட்டமான காலிப்பரையும் கழற்றச் சொன்னார். அதன் தோல் வார்களை ஒவ்வொன்றாக நானே அவிழ்த்தேன். கொக்கி கடினமாக இருந்ததால் நேரம் பிடித்தது, எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். வெறும் மண்ணில் உட்கார வைத்தார்கள். கேமராவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்காதே தம்பி” என்றார்.

பஸ் நிலையத்தில் ஓர் உண்டியல் வைத்து, அதன் மேல் அந்த நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். ‘இவனும் நடக்க வேண்டாமா?’ என்று கீழே எழுதியிருந்தது. என் பெயர் இல்லை. அன்று காலிப்பரைக் கட்டிக்கொண்டு பள்ளியிலிருந்து பஸ் நிலையம் வரை நடந்து போய்த்தான் அதைப் படித்தேன். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு பள்ளியில் எனக்கு ‘நோட்டீஸ் பையன்’ என்றே பெயர்.

அந்த உண்டியல் காசு வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வளரும் பிள்ளைக்குக் காலிப்பர் சீக்கிரமே கட்டையாகிவிடும். அடுத்த காலிப்பர் அந்தக் காசில்தான் வந்தது. அங்கேயும் அப்படித்தான். பத்து பத்து சென்ட்டாகச் சேர்ந்த பணம்தான் ஜோனாஸ் சால்க் உருவாக்கிய இளம்பிள்ளை வாதத் தடுப்பூசிக்கும், 18 லட்சம் பிள்ளைகள் பங்கேற்ற 1954-ஆம் ஆண்டுச் சோதனைக்கும் போனது. எனவே காசு கேட்பதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். நான் பிறந்தது 1964-இல். தடுப்பூசி வந்து ஒன்பது ஆண்டு ஆகியும் அது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. எவ்வளவு காசு திரண்டாலும் போதாத வேலை அது. நீ பிறந்த பிறகு, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு சொட்டு மருந்துக்கு அம்மா கிளம்பும்போதெல்லாம் நானும் கூடவே வருவேன். இரண்டு சொட்டும் உன் நாக்கில் விழுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் எனக்கு.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், தசைச்சிதைவு நோய்க்கு நிதி திரட்டும் பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எதிராகச் சிலர் தெருவில் இறங்கினார்கள். சிறு வயதில் அதே நோய்க்காகப் போஸ்டரில் நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். எங்களைக் காட்டி அழ வைக்காதீர்கள், வேலையும் படியில்லாத வாசலும் கொடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. நோட்டீஸ் பையனும் பெரியவனாவான், தன் படத்தைப் பற்றி அவனுக்கும் ஒரு கருத்து இருக்கும் என்று அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கே தோன்றியது.

நீ படத்துக்குச் சம்மதி, அம்மா. உனக்குப் பின்னால் வரும் பிள்ளைக்கு அந்தப் பணம் வேண்டும். ஆனால் படத்துக்குக் கீழே என்ன எழுதப்போகிறார்கள் என்று முதலில் வாங்கிப் படி. உன் பெயர் இருக்கிறதா, நீ செய்யும் ஆய்வு இருக்கிறதா என்று பார். ‘ஏழைக் கிராமத்துப் பெண்’ என்று மட்டும் இருந்தால் பேனாவை எடுத்துத் திருத்திக் கொடு. அப்பாவின் காலைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அது என்னிடம் கேட்க வேண்டியது.

இன்னொன்று. நீ இருக்கும் ஆன் ஆர்பரில், உங்கள் பல்கலைக்கழகத்தின் ராக்கம் அரங்கத்தில்தான் சால்க்கின் தடுப்பூசி பலிக்கிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்தாவது ஆண்டு. அன்று பல ஊர்களில் தேவாலய மணிகளை அடித்தார்களாம். ஒருநாள் அங்கே போய் வாசலில் நின்று எனக்காக ஒரு படம் எடுத்து அனுப்பு. சிரித்த முகமாக நில்.

அன்புடன்,
அப்பா