டேராடூனிலிருந்து மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகாவுக்கு,

நலம். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே குளிர் விட்டுவிட்டது. வாசல் லிச்சி மரத்தில் பூ வந்தாயிற்று. அவருக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ், அப்புறம் ஊர்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் ‘பதாயி தோ’ என்று ஒரு இந்திப் படம் போட்டாள். ஹர்ஷவர்தன் குல்கர்னி இயக்கி 2022-ல் வந்த படம். கதை எங்கள் டேராடூனில் நடக்கிறது என்பதால் நானும் உட்கார்ந்தேன். பார்த்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றே இருந்தது.

மகளிர் காவல் நிலையத்தில் வேலை பார்க்கும் போலீஸ்காரர் ஷார்துலாக ராஜ்குமார் ராவ். பள்ளிக்கூட பி.டி. டீச்சர் சுமியாக பூமி பெட்னேகர். அவனுக்கு ஆண்கள்மேல்தான் நாட்டம், அவளுக்குப் பெண்கள்மேல். இரண்டு வீட்டிலும் கல்யாணப் பேச்சு ஓயவில்லை. நாம் இருவரும் கட்டிக்கொண்டு, வீட்டுக்குள் ரூம்மேட் மாதிரி அவரவர் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் கேட்கிறான், அவளும் சம்மதிக்கிறாள். கல்யாணம் முடிந்தால் தொல்லை தீரும் என்று பார்த்தால், அடுத்து ‘விசேஷம் உண்டா?’ என்று எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதுவரை நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

லேபில் வேலை பார்க்கும் ரிம்ஜிம் சுமிக்குத் துணையாக வருகிறாள். அருணாசலப் பிரதேசத்துப் பெண் சும் தராங் நடித்திருக்கிறார். கடைசியில் தத்தெடுத்த குழந்தைக்காக ஒரு பூஜை. குழந்தையோடு கணவன் மனைவியாக உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பேரோடு ரிம்ஜிம்மும் சேர்ந்து உட்காருகிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்க்கப்போகிற அவளுக்கு ஒரு காகிதத்திலும் பெயர் கிடையாது. சேர்ந்து தத்தெடுக்க வேண்டுமானால் சட்டப்படி தம்பதியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே பாலினத்தவர் உறவு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின்படி குற்றமாக இருந்ததை உச்ச நீதிமன்றம் 2018-ல் நீக்கியது. ஆனால் கல்யாண உரிமை கேட்டுப் போனவர்களுக்கு 2023 அக்டோபரில் இல்லை என்றுவிட்டது. இப்படிப்பட்ட ஜோடிகள் தத்தெடுக்கும் விஷயத்தில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் கூடாது என்ற பக்கம், இரண்டு பேர் மறு பக்கம். ஒரே ஒருவர் மாறியிருந்தால் எத்தனை வீடுகள் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்!

சுமி விசிலை ஊதிக்கொண்டு மைதானத்தில் நிற்கும்போது எனக்கு யார் ஞாபகம் வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். நம் ஹாஸ்டல் வாலிபால் கேப்டன்தான். மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு அவள் எழுதிய கடிதம் வார்டன் கையில் சிக்கியதும், அன்று சாயங்காலமே அவள் அப்பா கார் எடுத்துக்கொண்டு வந்ததும் மறக்குமா? நீ அவள் பெட்டியை அடுக்கினாய். இரண்டு மாதம் கழித்துக் கல்யாணத்துக்கு முந்தின நாள், மருதாணி வைக்க வேண்டும் என்று அவள் விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “எல்லாரும் சொல்றது சரிதானா, கௌரி?” என்று மட்டும் கேட்டாள். “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்” என்றேன். அப்போது அதை மனதார நம்பித்தான் சொன்னேன் மல்லிகா. இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயத்தில் தெளிவில்லை என்று சொல்லி, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அத்தனை படித்தவரே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், நாம் அன்றைக்கு அவளையே உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றம், குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொல்லி, வீட்டில் அடைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவள் தோழியோடு போக விட்டது. அந்தச் செய்தியை நான் இரண்டு தடவை படித்தேன். தன்பாலீர்ப்பு என்று இப்போது மரியாதையாகச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது. ஹாஸ்டலில் நாம் சொன்ன வார்த்தையை இங்கே எழுதக் கை வரவில்லை.

அவள் திண்டுக்கல் பக்கம்தான் இருக்கிறாள், உனக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று கேள்விப்பட்டேன். மே கடைசியில் ஊருக்கு வருகிறேன். அதற்குள் அவள் நம்பரைத் தேடிப் பிடி. நேராகப் போய் நிற்க வேண்டாம். முதலில் போன் செய்து, கௌரியும் நானும் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறோம், உனக்கு இஷ்டமா என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். சரி என்றால், வீட்டில் மற்றவர்கள் இருக்கும்போது பழசு எதையும் எடுக்காதே, பந்தாட்டம் பற்றிப் பேசுவோம். தனியாகக் கிடைத்தால், நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன்,
கௌரி