சாவி என்னிடம்தான் இருந்தது

20.8.2025

அன்புள்ள சாலா,

உண்ணா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். முட்டிவலி போகவுமில்லை, கூடவுமில்லை. ஆடி முடிந்தும் காற்று ஓயவில்லை. முற்றத்தில் வடகம் போட்டால் அடுத்த வளவில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது. கொத்தமங்கலத்தாளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தூசியைத்தான் பார்க்கிறாள். உன் மகன், மருமகள், பேத்தி எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

நீ வைகாசியில் எழுதின கடிதத்துக்கு இப்போதுதான் பதில். போனில் பேசினால் ஆகாதா என்பாய். இதைப் போனில் சொல்ல முடியாது. சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்து முடிக்கும்வரை நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காகிதத்தில் என்றால் உன் சிரிப்பு எனக்குக் கேட்காது.

வினை உன்னிடமிருந்துதான் ஆரம்பம். மெல்போர்னில் உன் பேத்தி பள்ளிக்கூடத்தில் மே மாதம் ஒருநாள் ஒரே படக்கதையை நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள், 2001இலிருந்து நடக்கிறது, 2021இல் விண்வெளி நிலையத்திலிருந்தே ஒரு அம்மா வாசித்தார் என்று நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தாயே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நம் பள்ளிக்கூடத்துப் புது ஹெச்.எம்.மிடம் அதைச் சொல்லித் தொலைத்தேன். நம் பிள்ளைகள் வயசுதான் அவளுக்கு. கண்ணெல்லாம் விரிந்துவிட்டது. "ஆகஸ்ட் 12 நூலகர் தினம், நூலகத் துறைக்கே தந்தைன்னு சொல்ற ரங்கநாதன் பிறந்தநாள். அன்னைக்கே நாமளும் செஞ்சுருவோம் ஆச்சி. நீங்கதானே அத்தனை வருஷம் லைப்ரரியப் பாத்தீக, நீங்களே வந்து புத்தகத்தை எடுத்துக் குடுங்க" என்றாள்.

பார்த்தேன் என்றது சரியான சொல். இருபத்தொன்பது வருஷம் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

போனேன். மூன்று பீரோ, உனக்குத் தெரியும். இரண்டுக்குச் சாவி ஆபீசில் இருக்கிறது. மூன்றாவதற்கு இல்லை. 2013இல் ஓய்வு பெறும்போது எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தியம் பண்ணாத குறை. வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. பெட்டகசாலையில் ஆயாவின் தகரப்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், அரிசி அறைச் சாவி, மேல்மாடிச் சாவி, என் மாமியாரின் வெள்ளிப்பெட்டிச் சாவி, இவற்றோடு ஒரே கயிற்றில் பள்ளிக்கூடத்து பீரோ சாவி.

சாவி என்னிடம் தங்கிப்போனது கூடப் பரவாயில்லை, சாலா. பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தராவது அதைத் தேடியிருந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்களே. யாரும் தட்டவில்லை. அதுதான் என்னைக் குத்தியது. திறக்காமலே பழக்கியவள் நான்.

பீரோ மேலே நான் ஒட்டின சார்ட் இன்னும் இருக்கிறது, ஓரமெல்லாம் பழுத்துப்போய். "நூல்கள் பயன்படுத்துவதற்கே." ரங்கநாதன் 1931இல் எழுதின ஐந்து விதிகளில் முதலாவது. என் கையெழுத்து, கொம்பு சுழியெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. அதற்கு நேர் கீழே பூட்டு. நீ அந்தக் காலத்திலேயே "சாவிக்கொத்து" என்று பேர் வைத்தாய். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சிரிக்கும்போது நானும் பெருமையாகச் சிரித்தேன்.

திறந்ததும் ராமபாணப் பூச்சி மூன்று நான்கு ஓடியது. நான் வைத்த வசம்பு தூளாகிக் கிடந்தது. புத்தகங்கள் மட்டும் அடுக்கினது அடுக்கினபடி. எடுத்துப் பின்னட்டைப் பக்கம் பார்த்தேன். தேதி எழுதுகிற சீட்டு ஒவ்வொன்றிலும் நானே பசை தடவி ஒட்டியிருக்கிறேன். ஒன்றில் இரண்டு தேதி, ஒன்றில் ஒரு தேதி. மற்றதெல்லாம் வெற்று.

நம் பயம் உனக்குத் தெரியாததல்ல. ஆடிட்டுக்கு வருவார்கள், இருப்புப் பதிவேட்டை வைத்து எண்ணுவார்கள், குறைந்தால் பொறுப்பு டீச்சர் கையிலிருந்து கட்ட வேண்டும், ஓய்வுக்காலத்தில் நிலுவை இல்லை என்று எழுதித் தரமாட்டார்கள். பெரிய சார் முதல்நாள் சாவியைக் கொடுக்கும்போதே சொன்னார்: "அம்மா, படிச்சா கிழியும், குடுத்தா வராது." வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற அன்று ஒரு புத்தகம் குறையாமல் ஒப்படைத்ததற்குக் கைதட்டினார்கள், எனக்கு அதுதான் பொன்னாடை.

போன வாரம் எதிர்வீட்டு அண்ணனிடம் இதைப் புலம்பினேன். மத்திய அரசின் சிக்ரி ஆராய்ச்சி நிலையத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவராயிற்றே, உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்து காட்டினார். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017இல் வந்தது. 215ஆவது விதி. நூலகத்தில் வருஷத்துக்கு வெளியே கொடுத்த, எடுத்துப் பார்த்த புத்தகம் ஆயிரத்துக்கு ஐந்து தொலைந்தால் அது நியாயமான இழப்பு, திருட்டோ அலட்சியமோ இல்லை என்றால் போதும் என்று இருக்கிறது. அது டெல்லிக்காரர்களின் நூலகத்துக்கு, நம் பள்ளிக்கூடத்துக்கு இல்லை. இருந்தாலும் அதன் கணக்கைக் கவனித்தாயா? அலமாரியில் இருக்கிற ஆயிரம் இல்லை, கைமாறின ஆயிரம். என் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமே கைமாறவில்லை. அந்த விதிப்படி பார்த்தாலும் எனக்குச் சலுகை பூஜ்யம்.

சரி, விழாவுக்கு வருகிறேன். பந்தல், பேனர், மைக், மாலை. வாசிப்பு பதினொரு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். பதினொன்றேகாலுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். பொன்னாடை போர்த்தி முடிக்கவே இருபது நிமிஷம். எனக்கும் ஒன்று, அது வேறு. அப்புறம் வாசிப்பின் அருமை பற்றிப் பேச்சு. பாரதி 1919இல் காரைக்குடிக்கு வந்தது, இந்து மதாபிமான சங்கத்தில் எடுத்த போட்டோ, எல்லாம் வந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் வெயிலில் உட்கார்ந்திருக்கிற ஆறாம் வகுப்புக்கு அது எத்தனையாவது தடவையோ. மடியில் ஆளுக்கொரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதைத் திறக்கக் கூடாது, திறந்தால் டிரில் மாஸ்டர் முறைப்பார், வாசிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்! நானும் ஐந்து நிமிஷம் பேசினேன். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, இன்றைக்கும் நாம் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்குப் போகிறது, நம் ஊரில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளும் அதைக் கட்டுகின்றன என்று சொன்னேன். சொல்லும்போதே நாக்கு குழறியது. பூட்டிக் கிடப்பதைப் பற்றி நானா பேசுவது?

பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் புண்ணியம், கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. விருந்தினருக்கு வேறு ஊரில் வேறு விழா, கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம்தான், சாலா, நீ எழுதினது மாதிரி ஒன்று நடந்தது. ஒரே கதைக்கு இருநூறு பிரதிக்கு எங்கே போவது? பெரிய பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தோடு வேப்பமரத்தடியில், வராண்டாவில், சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார, சின்னவர்கள் நாலைந்து பேர் சுற்றிக்கொண்டார்கள். மைக் இல்லாததால் வாய்விட்டு வாசித்தாக வேண்டும். ஒரு பயல் ராட்சசனுக்கு நம் டிரில் மாஸ்டர் குரலைப் போட்டான். மாஸ்டர் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிற பத்தாம் வகுப்புப் பையன்களும் இருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. அவர்களில் ஒருவன் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்து "நீ வாசி, நான் படம் பாக்கறேன்" என்றான். கெட்டிக்காரன்.

சமையற்கட்டிலிருந்து சத்துணவு சமையலம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். முகம் தெரிந்தது, பேர் வரவில்லை. "நான் 96ல எட்டாப்பு படிச்சேன், டீச்சர்" என்றாள். திறந்து கிடந்த மூன்றாவது பீரோவைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது தட்டு, இடது பக்கத்திலிருந்து. ஒவ்வொரு புத்தகமாகப் பேர் சொல்கிறாள். நான் திரும்பிப் பார்க்கிறேன், அதே வரிசை. பதினான்கு பேர் சொன்னாள், ஒன்று கூடப் பிசகவில்லை.

"எப்படிம்மா?" என்றேன்.

"மழைக்கு அந்த ரூம்லதான் ஒக்கார வைப்பீக. கண்ணாடி வழியா முதுகு மட்டும் தெரியும். அதையே படிச்சுக்கிட்டு இருப்பேன். அந்தப் பச்சை அட்டைக்குள்ள என்ன கதையா இருக்கும்னு நானே ஒண்ணு கட்டி வச்சிருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. ஊருணியில் குளித்த கதையைச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் அந்தப் பொன்னாடை தோளில் கனத்தது. பச்சை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "சாம்பார் கொதிக்குது டீச்சர், சாயந்தரம் வாங்கிக்கறேன்" என்று போய்விட்டாள். சாயந்தரம் வந்தாள், வாங்கிக்கொண்டாள். நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. எனக்காக நானே வக்கீலும் பேசிப் பார்த்தேன். கோட்டையூர் ரோஜா முத்தையாவை எடுத்துக்கொள். அந்த மனுஷர் வாழ்நாளெல்லாம் சேர்த்துக் காப்பாற்றி வைக்காவிட்டால் எத்தனை தமிழ்ப் புத்தகம் எடைக்குப் போயிருக்கும்? அவர் 1992இல் போன பிறகு, 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை வைத்துத்தான் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே வந்தது. காப்பதும் ஒரு தர்மம்தானே என்று கேட்டேன். ஆனால் அவர் காத்தது இன்னொரு பிரதி எங்கும் கிடைக்காததை. நான் காத்தது கடையில் ஆறு ரூபாய்க்கு விற்ற பிள்ளைகள் கதைப் புத்தகத்தை. வக்கீல் அதோடு உட்கார்ந்துவிட்டார்.

நம் வளர்ப்பும் அப்படி, சாலா. பெட்டகத்தில் பீங்கான் சாமான் நூறு இருக்கும், சாப்பிடுவது எவர்சில்வரில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடு. வைத்திருப்பதுதான் செல்வம், எடுத்துப் புழங்குவது ஊதாரித்தனம். ஆயாவிடமிருந்து இடுப்புச் சாவி எனக்கு வந்தபோது புத்தகத்துக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டேன்.

ஹெச்.எம்.மிடம் பேசி, இப்போது புதனும் வெள்ளியும் மத்தியானம் போய் வராண்டாவில் உட்காருகிறேன். பூட்டு இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு, பேரும் தேதியும் அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை உட்கார்ந்ததில் முப்பத்தொரு புத்தகம் போயிருக்கிறது. ஒன்று மழையில் நனைந்து அப்பளமாக வந்தது. ஒரு பயல் தேவகோட்டையில் அவன் ஆயா வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டான். "அடுத்த லீவுல எடுத்தாறேன்" என்கிறான். பஸ் ஏறிப் போய் எடுத்து வந்துவிடலாமா என்று கை பரபரக்கிறது. கொத்தமங்கலத்தாள் என்னைக் கட்டிப் போடாத குறையாகப் பிடித்து வைத்திருக்கிறாள். அரைச் சாவிக்கொத்து இன்னும் உள்ளே இருக்கிறது, ஒரே நாளில் போகுமா?

இன்னொன்று. ஆறாம் வகுப்பில் ஒரு பையன், அம்மா ஊர் கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடிச் சரணாலயத்துக் கண்மாய்க்கரை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர்ப்பிள்ளை, கேட்க வேண்டுமா? மூக்கை வைத்தே எந்தக் கொக்கு என்று சொல்கிறான். பறவைப் புத்தகம் வேண்டும் என்று மூன்று தடவை வந்துவிட்டான். இருப்புப் பதிவேட்டில் ஒன்று இருக்கிறது, பீரோவில் இல்லை. 1989இல் "ரெண்டு நாள்ல தர்றேன் உண்ணா" என்று நீ எடுத்துப் போனது. ஆடிட்டுக்கு முதல்நாள் என் கைக்காசில் வேறொரு புத்தகம் வாங்கி அந்த எண்ணை எழுதிச் செருகினேன். இத்தனை வருஷமும் உன்னிடம் அதைச் சொன்னதில்லை. அந்த மூன்று பீரோவிலும் முழுசாகப் படிக்கப்பட்ட ஒரே புத்தகம் அதுவாகத்தான் இருக்கும்.

அது இன்னும் உன்னிடம் இருந்தால், தைக்கு வரும்போது எடுத்து வா. படங்களில் உன் பேத்தி கிறுக்கியிருந்தாலும் பரவாயில்லை. பையனிடம் தைக்கு வரும் என்று சொல்லிவிட்டேன்.

உன்
உண்ணா