மாணவர் பிரிவை முதலில் அறிவியுங்கள்: விருது விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். சேலத்தில் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் படிப்பில் இறுதியாண்டு மாணவி நான். சென்னையில் நீங்கள் நடத்திய விளம்பர, வடிவமைப்பு விருது விழாவுக்கு மாணவர் அனுமதிச்சீட்டுடன் வந்திருந்தேன். அன்று மாணவர் பிரிவுப் பரிசுக்கான பெயர் அழைக்கப்பட்டபோது யாரும் மேடையேறவில்லை என்பதும், தொகுப்பாளர் "வரவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார் என்பதும் தங்களுக்குத் தெரியும். அழைக்கப்பட்டவள் என் வகுப்புத் தோழி. அவள் வந்திருந்தாள். நேரமாகிவிட்டதால் கிளம்பிப் போய், கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் சேலம் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். தன் பெயரை அவள் கேட்டது என் கைபேசியில், உங்கள் நேரலையில்தான்.

அழைப்பிதழில் போட்டிருந்த நேரத்துக்கு விழா தொடங்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது. தாமதமாகத் தொடங்கி, விளம்பரதாரர் உரைகளும் நடனமும் முடிந்து, நிறுவனங்களுக்கான பிரிவுகள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட்டு, மாணவர் பிரிவு கடைசிக்குத் தள்ளப்பட்டது. சேலம் ஏறக்குறைய 340 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறியபின், நகரத்துக்குள்ளிருந்து அங்கே போய்ச் சேர்வதே தனிப் பயணமாகிவிட்டது. விடுதி வார்டனிடம் பெற்றோர் கையெழுத்துடன் கடிதம் கொடுத்து, காலைக்குள் திரும்பிவிடுவோம் என்ற உறுதியின் பேரில் வந்தவர்கள் நாங்கள். அறை எடுத்துத் தங்கப் பணமும் இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை. ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: மாணவர் பிரிவை விழாவின் தொடக்கத்திலேயே அறிவியுங்கள்.

அவள் செய்த வேலை எது என்பதையும் சொல்ல வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கினால் ரோஸ் நிறத் தாளில் மடித்துத் தருவார்கள். வீட்டுக்கு வருவதற்குள் முத்துகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பட்டறைகளில் போய் உட்கார்ந்து, பற்றவைப்பவர்களிடம் கேட்டுக் கேட்டு, கொலுசு வளைந்தபடியே படுத்திருக்க உள்ளே பள்ளம் வைத்த அட்டைப் பெட்டி ஒன்றை அவள் உருவாக்கினாள். பசையே தேவையில்லை, ஒரே அட்டையை வெட்டி மடித்தால் போதும். பட்டறைக்காரர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக ஒரே வண்ணத்தில் அச்சிட்டாள். இந்தப் பெட்டியைக் கையில் பிடித்தபடி மேடையில் அவள் ஒரு நிமிடம் பேசியிருந்தால், அரங்கில் இருந்த நிறுவனத்தார் யாராவது அவளைப் பயிற்சிக்கு அழைத்திருக்கக்கூடும். பரிசைவிட அந்த ஒரு நிமிடம்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தேவை. தாங்கள் பறித்தது அதைத்தான்.

விளம்பர, வடிவமைப்புத் துறைக்காக லண்டனில் 1962இல் தொடங்கப்பட்ட டி அண்ட் ஏடி (D&AD) அமைப்பு, புதிதாக வருபவர்களுக்கென்றே நியூ பிளட் என்ற தனிப் போட்டியை நடத்துகிறது. அவ்வளவு பெரிய ஏற்பாட்டை நாங்கள் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியை மேலே கொண்டுவரச் சொல்கிறோம். மண் சார்ந்த சிந்தனை வேண்டும் என்று மேடையில் பேசுகிறீர்கள். இளம்பிள்ளைச் சேலையும் சேலத்து ஜவ்வரிசியும் விளம்பரங்களுக்குப் பொருளாகின்றன. அந்த ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் மட்டும் பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. நுழைவுக் கட்டணத்தை எங்களிடம் வாங்கும்போது நாங்கள் எந்த ஊர் என்று யாரும் பார்ப்பதில்லையே. சென்னையில் வீடு இருப்பவர்களுக்காக மட்டும்தான் இந்த விழா என்றால், அதை விண்ணப்பத்திலேயே தெரிவித்துவிடலாம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். நடந்தது அவ்வளவு வலித்தது. அடுத்த ஆண்டு மாணவர் பிரிவை முதல் அறிவிப்பாக வைத்து, அதற்கான நேரத்தை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தோழியின் கேடயத்தைத் தபாலில் அனுப்புவதாகத் தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதனுடன், அவள் பெட்டியைப் பற்றி நடுவர்கள் எழுதிய குறிப்பையும் அனுப்பிவைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
விஸ்காம் மாணவி ஒருத்தி,
சேலம்.