சதுரங்க மன்ற ஆண்டறிக்கை: செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை விடாமல் பெய்த சில வாரங்கள் தவிர ஞாயிறு வகுப்பு தடையில்லாமல் நடந்தது. பழுதான கடிகாரங்களை மாற்றிவிட்டோம். சந்தா பாக்கி கொஞ்சம் நிற்கிறது, தயவுசெய்து கட்டிவிடுங்கள்.

இந்த வருடம் என் மனதில் நிற்பது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் டிராவில் முடிந்த ஆட்டம். வெளியூர் ரேட்டிங் (ஆட்டத் திறமையை அளக்கும் புள்ளி) போட்டிக்கு நம் பிள்ளைகள் ஐந்து பேர் போனார்கள். தோற்றாலும் வெளியேறாமல் எல்லாரும் தொடர்ந்து ஆடும் ஸ்விஸ் முறையில் முதல் சுற்றில் ரேட்டிங் பட்டியலின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும்தான் ஆட்டம், அதனால் நம் ஏழாம் வகுப்பு மாணவிக்கு அவளைவிட 400 புள்ளிக்கு மேல் ரேட்டிங் உள்ள ஒருவர் எதிராளியாக வந்தார். ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து முடிவைக் கணிக்கும் எலோ கணக்குப்படி இப்படி 100 ஆட்டம் ஆடினால் அவளுக்கு 8 புள்ளி கிடைத்தாலே பெரிது.

கறுப்புக் காய் அவளுக்கு. நடு ஆட்டத்திலேயே ஒரு சிப்பாய் போய்விட்டது. கடைசியில் ஆளுக்கொரு யானை, அவருக்குக் கூடுதலாக அந்த ஒரு சிப்பாய். நான் தோற்றுவிட்டாள் என்றே நினைத்தேன். அவளோ ராஜாவைச் சிப்பாய்க்கு நேர் எதிரே நிறுத்தி, யானையை (வெள்ளைப் பக்கமிருந்து எண்ணினால்) ஆறாவது வரிசையில் வைத்து, எதிரி ராஜா முன்னேற வழியில்லாமல் அடைத்தாள். அவர் பொறுமையாக இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்துவிட்டுச் சிப்பாயை ஆறாவது வரிசைக்குத் தள்ளிய அடுத்த நொடியே யானையை முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் மேல் செக். ராஜாவுக்கு ஒதுங்க நிழலில்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டுச் சதுரங்க மேதை ஃபிலிடோர் காட்டிக்கொடுத்த தற்காப்பு இது. அப்புறம் ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்று தெரிந்ததும், காயைத் தொடாமல் நகர்த்தலைத் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, டிரா கேட்க நடுவரைக் கூப்பிட்டாள். பெரியவர்களே தடுமாறும் இடம் அது.

எதிராளி முகம் சுளிக்காமல் அவளோடு அரைமணி நேரம் உட்கார்ந்து ஆட்டத்தை அலசினார், அவருக்கு நம் நன்றி. அவளுக்குக் கே ஃபேக்டர் (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கான அளவு) 40, டிராவில் கிடைத்த அந்த அரைப் புள்ளியிலேயே ரேட்டிங் 16.8 ஏறியது.

இதைக் கற்றுக்கொடுத்தது நம் கணக்கு சாரின் இறுதியாட்ட வகுப்பு, அதாவது காய்கள் குறைந்த பிறகு எப்படி ஆடுவது என்ற பாடம். மூன்று பிள்ளைகள்தான் வருகிறார்கள், நிறுத்திவிட்டுத் திறப்பாட்டம் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) சொல்லிக்கொடுங்கள் என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நிறுத்தக் கூடாது, இன்னும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. மண்டப வாடகை அதற்கேற்ப ஏறும். அதையும் சேர்த்துத்தான் பொருளாளர் இப்போது வரவு செலவை வாசிக்கப் போகிறார்.