ஆபரேஷன் முடிந்தது, பை இருக்கிறது: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. மலக்குடலின் அடியில் புற்றுநோய். ஆசனவாயோடு சேர்த்து எடுத்துவிட்டு, இடது பக்க அடிவயிற்றில் பெருங்குடலின் நுனியை வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். இனி ஆயுசுக்கும் மலம் அந்த வழியாகத்தான். மேலே ஒட்டும் பையில் வந்து சேரும். காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்கு எங்களுக்கு ஒரு ரூபாய் ஆகவில்லை. அந்த நன்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. லண்டன் மருத்துவர் மைல்ஸ் 1908-இல் எழுதிவைத்த முறை இது. கத்தி வேலை நம் டாக்டர்களுக்கு எப்போதோ கைவந்துவிட்டது. அதற்குப் பிறகான பை வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று கையில் இரண்டு பை தந்தார்கள். ஒரு சிஸ்டர் ஒரேயொரு தடவை மாற்றிக் காட்டினார். வார்டு முழுக்க ஆட்கள், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி பை ஒழுகியது. ஒட்டுகிற வட்டத்தில் துளையை நான் பெரிதாக வெட்டிவிட்டேன். ஸ்டோமாவைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் கூடுதலாக இருக்கலாம், மிச்சம் தெரியும் தோலெல்லாம் மலம் பட்டு வெந்துபோகும் என்று எனக்குத் தெரியாது. தோல் உரிந்து நீர் கசிந்ததால் புதுப் பையும் ஒட்டவில்லை. பழைய வேட்டியை மடித்து வயிற்றில் அழுத்திக்கொண்டு, அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைத்தார். ஸ்டோமாவின் அந்தச் சிவந்த சதை வாயின் உள்தோல் மாதிரிதான், தொட்டால் வலிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால், துடைக்கும்போது என் கை அப்படி நடுங்கியிருக்காது.

இன்னொன்று. ஸ்டோமா எங்கே வரவேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியை நிற்கவைத்து, உட்காரவைத்து, குனியவைத்துப் பார்த்துப் பேனாவால் குறிக்க வேண்டும். தொப்புள், வயிற்று மடிப்பு, பாவாடை நாடா எல்லாவற்றையும் தள்ளி. அம்மாவுக்கு யாரும் குறிக்கவில்லை. நாடா சரியாக அதன் மேலேயே விழுகிறது. நாற்பது வருஷம் சேலை கட்டியவர் இன்று நைட்டிதான். விசேஷ வீடுகளுக்கு வருவதே இல்லை. ஐந்து நிமிஷப் பேனா வேலை, ஐயா.

அம்மாவுக்கு ஒத்துக்கொண்ட பை ஒன்று 250 ரூபாய். மாதம் எட்டு, ஒன்பது ஆகிறது. எங்கள் ஊர் மருந்துக்கடையில் கிடையாது, மதுரைக்குத்தான் போக வேண்டும். பையை மிச்சம்பிடிக்க அம்மா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. கீமோ ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் தெருவுக்கும் வருகிறது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு பிரஷர் மாத்திரை வாசலிலேயே கிடைக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளையும் அதே திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறீர்கள். அந்தக் கையிலேயே அம்மாவுக்கு வேண்டிய இந்தப் பையும், கொலாஸ்டமி பை என்பார்கள், வரட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஸ்டோமா பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவராவது இருக்கட்டும்: ஆபரேஷனுக்கு முன் குறி வைக்க, வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஒருமுறை வந்து பார்க்க. சிறுகுடலில் வழி வைத்தவர்களுக்கு இது இன்னும் அவசரம். அவர்களுக்குத் தண்ணீராகவே போகும், உப்பும் நீரும் மளமளவென்று இறங்கிவிடும், தோலும் சீக்கிரம் வெந்துவிடும்.

இதை எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நர்ஸ் பிள்ளைகளுக்கு ட்ரெயினிங் வைத்தால் சொல்லச் சொல், நானே வந்து வயிற்றைக் காட்டுகிறேன், என் மேல் மாற்றிப் பழகட்டும் என்றார்.

இப்படிக்கு,
அவருடைய மகள்