பழனிக்கு: முதலில் தலையை எண்ணு

அன்புள்ள பழனி,

நாலு மாதமாகப் பதில் இல்லை என்று மணியண்ணனிடம் புலம்பினாயாம். தப்பு என்மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். சரோஜா டீச்சர் ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கே வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருக்கிறார். குசலம் இவ்வளவு போதும்.

வட்டார சபையில் வைக்க நீ எழுதிய வார்டு அறிக்கையைப் படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது, இரண்டாம் தடவை கோபம் வந்தது. "பத்தே ஆண்டில் திருப்பூர் மக்கள்தொகை 155% பெருகியது" என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். பங்காளி, இது ரொம்ப மோசம்! 2001 கணக்கெடுப்பின் 3.44 லட்சம் பழைய நகராட்சி எல்லைக்குள் எண்ணியது. 2011க்கு நீ எடுத்திருக்கும் 8,77,778 வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் நெருப்பெரிச்சல், ஆண்டிபாளையம், வீரபாண்டி மாதிரி ஊராட்சிகளையும் சேர்த்த பெரிய மாநகராட்சிக்கு. எல்லைதான் நகர்ந்தது, அத்தனை பேரும் புதிதாக வந்து குடியேறவில்லை. பழைய எல்லையில் 2011இல் இருந்தவர்கள் 4,44,352 பேர். அதன்படி வளர்ச்சி 29% சுமார். அதுவே பெரிய வளர்ச்சிதான், ஊதிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இந்தப் பிழையை ஒரு வரியில் திருத்திவிடலாம். எனக்கு உறுத்துவது ஏழாம் பக்கம். "நம் வார்டு செழிப்பான வார்டு" என்று அங்கே ஒரு சராசரி வருமானத்தைப் போட்டுக் கட்டம் கட்டியிருக்கிறாய். எத்தனை பேருக்கு அந்தச் சராசரி? எந்தத் தலையெண்ணிக்கையால் வகுத்தாய்? அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

8,77,778ஐ 60 வார்டால் வகுத்தால் ஒரு வார்டுக்குச் சுமார் 14,600 பேர். 2022 தேர்தலுக்கு வார்டு பிரித்ததும் 2011 கணக்கை வைத்துத்தான். அந்தக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது என்று யோசித்துப் பார். 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது ஜனவரி 28. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோய், பன்னிரண்டாம் நாள் எண்ணிக்கைக்காரர் கதவைத் தட்டுகிறார். கணக்கெடுப்பு விதி தெரியும்தானே? அந்த நாட்கள் முழுக்க ஒருவன் ஊரில் இல்லையென்றால் இங்கே அவனை எழுதக்கூடாது. வேலை போய் மதுரைக்கும் தேனிக்கும் மூட்டை கட்டியவன் அங்கேதான் எழுதப்பட்டிருப்பான். ஆக நமக்குக் கையில் இருக்கும் அடிப்படை எண்ணே ஊர் முடங்கிக் கிடந்த நேரத்தில் எடுத்தது. இதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

சரி, இன்றைக்கு எப்படி எண்ணுவது? நீ மின் இணைப்பைத் தலைக்கட்டாக வைத்திருக்கிறாய். வரிசையாக ஒட்டிக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீட்டில் அது எடுபடாது. பல இடங்களில் ஒரே இணைப்பிலிருந்து எட்டுக் கதவுக்குப் போகும், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தனியாக வாங்கிக்கொள்வார். உன் கணக்கில் அது அளவுக்கு மீறி கரண்ட் செலவழிக்கும் ஒரு பணக்காரக் குடும்பம்! மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட் வரம்பு வைத்தார்களே, எட்டுக் கதவின் கரண்டும் ஒரே இணைப்பில் சேர்ந்தால் அந்த மாதிரி வரம்பு என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்.

சொத்து வரி ஏட்டிலும் இதே கூத்துதான். 2022இல் வரி உயர்த்தியபோது வீடுகளை 600, 1,200, 1,800 சதுர அடி என்று வெட்டி 25, 50, 75, 100 விழுக்காடு ஏற்றினார்கள். வசதி யார் கையில் என்று பார்க்க அந்த நாலு அடுக்கு நல்ல கருவி என்று நீ நினைத்ததில் தப்பில்லை. ஆனால் பத்துக் கதவு லைன் வீடு முழுக்க ஒரே வரிவிதிப்பு எண்ணில் கிடந்தால், அது 1,800க்கு மேற்பட்ட அடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் படுத்து எழுகிறவர்கள் உன் அட்டவணையில் வார்டின் பெரிய வீட்டுக்காரர்கள். உன் "செழிப்பு" பாதி இதிலிருந்துதான் வந்திருக்கிறது என்று பந்தயம் கட்டுகிறேன். வரி ஏட்டைச் சொத்துக் கணக்குக்கு வைத்துக்கொள். குடியிருப்போர் கணக்குக்கு அதைத் தொடாதே.

ரேஷன் அட்டையை எடுத்தால் வெளிமாநிலத்து ஆட்கள் அப்படியே விட்டுப்போவார்கள். 2020 அக்டோபரிலிருந்து அவர்கள் ஊர் அட்டையைக் காட்டி இங்கே அரிசி வாங்கலாம் என்று ஆகிவிட்டது. கடையில் அந்த வெளி அட்டை விற்பனை எத்தனை என்று மட்டும் கேட்டு வாங்கு. மொத்த ஆளும் அதில் வரமாட்டார்கள், ஆனால் எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று காட்டும்.

வேறு வழியில்லை, நடக்கத்தான் வேண்டும். ஒரு சாக்குக்கட்டி, ஒரு நோட்டு, கூட ஒரு இந்தி அல்லது ஒடியா தெரிந்த பையன். தெருத்தெருவாகக் கதவுக்கு எண் போடு. அடுப்பைப் பார்: ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், ரத்த உறவு இல்லாவிட்டாலும் சரி. ஒரே அறையில் இரண்டு அடுப்பு என்றால் இரண்டு குடும்பம். கம்பெனி ஹாஸ்டலில் பொதுச் சமையல் என்றால் அது நிறுவனக் குடும்பம், தனிக் கணக்கு. இதெல்லாம் சென்சஸ்காரர்களின் இலக்கணம்தான், நான் கண்டுபிடித்ததில்லை.

எப்போது போவது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பகலில் போனால் பூட்டு தொங்கும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு எட்டரைக்கு முன் ஆள் சிக்கமாட்டார்கள். ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்று வரை நல்ல நேரம், துணி துவைத்துக்கொண்டு வாசலில் இருப்பார்கள். தீபாவளி போனஸ் வாங்கிய பின் மூன்று வாரம், பொங்கல், ஹோலி, பீகாரிகளுக்குச் சட் பூஜை, இந்த நாட்களில் போகவே போகாதே. பூட்டிய கதவுக்கு மூன்று தடவை திரும்பிப் போ. பக்கத்துக் கதவை மாற்றாக எடுத்துவிடாதே. வேலை இல்லாதவனும் உடம்புக்கு முடியாதவனும்தான் எந்நேரமும் வீட்டில் கிடப்பார்கள். மாற்றாள் எடுக்க எடுக்க உன் வார்டு ஏழையாகிக்கொண்டே போகும். அதுவும் பொய்தான்.

எல்லாரையும் கேட்க முடியாது, மாதிரி எடு. உதாரணத்துக்கு 4,200 கதவு தேறினால் 210 போதும். 1க்கும் 20க்கும் நடுவில் ஒரு சீட்டு குலுக்கி எடுத்து, அந்தக் கதவிலிருந்து இருபதாவது இருபதாவதாகப் போ. பாதிப்பேர் இப்படி என்று விடை வந்தால் ஏறக்குறைய 7 புள்ளி மேலோ கீழோ பிசகலாம், அதை எழுதியே வை. ஹாஸ்டல் அறைகள் குறைவாக விழுகின்றனவே என்று சொந்த வீடு, லைன் வீடு, ஹாஸ்டல் மூன்றிலும் 70, 70, 70 என்று எடுப்பதாக இருந்தால், கடைசியில் நேராகக் கூட்டி வகுத்துவிடாதே. 2,400 சொந்த வீட்டுக்கு 70 என்றால் ஒவ்வொன்றும் 34 வீட்டுக்காகப் பேசுகிறது. 300 ஹாஸ்டல் அறைக்கு 70 என்றால் ஒவ்வொன்றும் நாலே சொச்சத்துக்கு. அந்த எடையால் பெருக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

"மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்காதே. நம்ம ஊரில் மாதம் யாருக்கு இருக்கிறது? சனிக்கிழமைதான் இருக்கிறது. போன சனிக்கிழமை கையில் என்ன வாங்கினாய், அந்த வாரம் எத்தனை ஷிப்ட், பீஸ் ரேட்டா ஷிப்ட் சம்பளமா, கடந்த பன்னிரண்டு வாரத்தில் எத்தனை வாரம் வேலை இருந்தது, இந்த நாலும் போதும். பன்னிரண்டு வாரம் ஏன் என்றால், ஒரு வாரம் ஆர்டரைப் பொறுத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50% வரி போட்டதே, அந்த மாதிரி நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஒன்றாகிவிட்டால் ரேட்டைக் குறைக்காமலேயே சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ரேட்டை மட்டும் எழுதி வைத்திருப்பவனுக்கு இது கண்ணில் படவே படாது. கூடவே வாடகை, வீட்டு அட்வான்ஸ், வாராந்திரக் குழுக்கடன் தவணை, ஊருக்கு அனுப்பும் பணம்.

அந்த ஊருக்கு அனுப்பும் பணம்தான் என்னைத் தூங்கவிடாத விஷயம். குடும்ப அளவுக்குச் சரிக்கட்ட வருமானத்தை ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கும் வழக்கம் உனக்குத் தெரியும். நாலு பேர், 28,000 ரூபாய் என்றால் இரண்டால் வகுத்து 14,000. தனியாள் 14,000 வாங்கினால் அவனுக்கும் 14,000. தாளில் இருவரும் சமம். அந்தத் தனியாள் ஒடிசாவின் பாலாங்கீரில் ஐந்து வயிற்றுக்கு ஒன்பதாயிரம் அனுப்புகிறான் என்று வை. இங்கே அவன் கையில் நிற்பது 5,000. அனுப்புவதைக் கழிக்காத எந்த ஏற்றத்தாழ்வுக் கணக்கும் திருப்பூருக்குப் பொருந்தாது. எந்தப் புள்ளிவிவரத்துறை ஆள் வந்து வாதாடினாலும் நான் இதை விடமாட்டேன்.

சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடுவில் நிற்பவனைக் காட்டு. ஒன்பது வீட்டில் 12,000, பத்தாவது வீட்டில் 3 லட்சம். சராசரி 40,800, நடு எண் 12,000. உன் ஏழாம் பக்கத்தில் இருப்பது இந்த 40,800தான், பழனி. பத்து வீட்டில் ஒருவர்கூட அந்தத் தொகையை வாங்கவில்லை.

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கைச் சேர்த்திருக்கிறாய்: 2019-21இல் தமிழ்நாட்டில் 2.2 விழுக்காடுதான் ஏழைகள். சரியான எண்தான். ஆனால் அதில் கேட்பது வங்கிக் கணக்கு உண்டா, மின்சாரம் உண்டா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பது போன்ற பன்னிரண்டு விஷயம். லைன் வீட்டிலும் அதில் பெரும்பாலானவை உண்டு. பன்னிரண்டு மணி நேரம் தையல் மெஷினில் குனிந்திருப்பதும், பத்துக் கதவுக்கு இரண்டு கக்கூஸ் என்பதற்காக நாலு மணிக்கு எழுவதும் வங்கிக் கணக்குக் கேள்வியில் தெரியுமா? கழிப்பறை பொதுவா தனியா என்று அதுவும் கேட்கிறது, ஆனால் ஒரு குறைக்காக மட்டும் யாரையும் ஏழை என்று எழுதமாட்டார்கள், மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு குறை சேர வேண்டும். மாவட்டத்துக்கு எடுத்த மாதிரியை வார்டுக்கு வெட்டவும் முடியாது.

கவுன்சிலர் இதையெல்லாம் கேட்டு முகம் சுளித்தால் தண்ணீரை வைத்துச் சொல். பாதாளச் சாக்கடை உள்ள நகருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் அளவுகோல். 12,000 பேர் என்று கணக்குப் பார்த்து 16,20,000 லிட்டர் விட்டால், உண்மையில் 18,000 பேர் இருக்கும்போது ஆளுக்கு 90. அதுவும் சமமாகப் போகாது. சம்ப் வைத்திருப்பவன் இழுத்துக்கொள்வான், லைன் வீட்டுக் குழாயில் காற்று வரும். அங்கன்வாடிக்கும் 400 முதல் 800 பேருக்கு ஒன்று என்றுதான் விதி. பதினைந்தாவது நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்ததே மக்கள்தொகைக்கு 90, பரப்புக்கு 10 என்ற எடையில். எண்ணாமல் விட்ட ஒவ்வொரு ஆளும் அவர் கையிலிருந்து போன காசு என்று சொல், உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

கடைசியாக ஒன்று. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2027 பிப்ரவரியில் ஆள் எண்ணிக்கை, மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு கணக்கு. லைன் வீட்டு ஓனர்கள் "நாலு பேர்னு சொல்லிக்கோ" என்று மிரட்டி வைப்பார்கள், வங்காளி பேசும் பையன்கள் காகிதம் கேட்பார்களோ என்று கதவையே திறக்கமாட்டார்கள். கணக்கெடுப்பில் ஆவணம் எதுவும் காட்ட வேண்டியதில்லை. ஒருவர் சொன்னதை வேறு யாருக்கும் காட்டக்கூடாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்கக்கூடாது என்று 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் நாலிலும் அரைப்பக்கம் அடித்து, கம்பெனி கேட்டில் வேண்டாம், மளிகைக் கடையிலும் ரீசார்ஜ் கடையிலும் ஒட்டு. அச்சுச் செலவை மணியண்ணன் தலையில் கட்டு, அவர் அந்த 1998 கடனை இன்னும் தரவில்லை.

ஏழாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதியை அனுப்பு. கதவு எண்ணிய நோட்டையும் அப்படியே படம் எடுத்து அனுப்பு, சுத்தமாக எழுதிய பிரதி எனக்கு வேண்டாம்.

உன்,
கதிர்வேல்